லொறியும் வள்ளுவரும்

நீர்ப்பொருள் ஒன்று தான் நிறைந்திருந்த இடத்தை விட்டு நீங்குதலைக் குறிக்கத் தமிழிலே பல சொற்கள் உள. கசிதல் ஒன்று, துளித்தல் ஒன்று, ஒழுகுதல் ஒன்று, பாய்தல் மற்றொன்று. இவை யாவும் ஒரு பொருளன என்று கொள்வாரும் உளர். அஃது அவ்வாறன்று. ஈரம் தோன்றியும் துளி திரளாத நிலை கசிவு. திரண்ட துளி இற்று வீழ்வது துளித்தல். துளிக்கும் துளிக்கும் இடையீடின்றி நூல்போல இறங்குவது ஒழுகுதல். தடுப்பதற்குள் விரைந்து வெளியேறுவது பாய்தல்.

இந்தச் சொல்லாராய்ச்சி பண்டித வகுப்புக்கு உரியது. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையை விரித்து வைத்திருக்கும் எமக்கு இதனால் ஆவது யாது என்று அன்பர்கள் வினவலாம். ஆவது உண்டு. ஒரு லொறியின் கீழே நிலத்தில் ஒயில் தோன்றினால், அதன் உடையவர் முதலிலே விடை காண வேண்டிய வினா இச்சொற்களுக்குள்ளேதான் அடங்கியிருக்கிறது. கசிகிறதா? துளிக்கிறதா? ஒழுகுகிறதா? கசிவுக்கு ஒரு தவணை உண்டு. துளிப்புக்குக் கணக்கு உண்டு. ஒழுக்குக்கு இரண்டும் இல்லை. லொறியை அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டியதுதான்.

லொறி ஒயிலைப் பற்றிப் பண்டிதருக்கு என்ன பேச்சு என்று சிலர் நகைக்கவுங்கூடும். என் தந்தையார் லொறிச் சாரதி. நான் நிகண்டு மனனஞ் செய்தது அவருடைய லொறியின் முன் ஆசனத்தில் இருந்துகொண்டே. ஒயில் பார்க்குங் கோலை இழுத்துத் துடைத்து, மீண்டும் இட்டு எடுத்து, அதன் இரண்டு கோடுகளுக்கிடையில் ஒயில் எங்கே நிற்கிறதென்று சொல்லுவது அந்நாளில் என் கடமைகளுள் ஒன்று.

யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் விளையும் வெங்காயமும் பீற்றூட்டும் கோவாவும் கண்டி வீதி வழியாகத் தெற்கு நோக்கிச் செல்கின்றன. தம்புள்ளைச் சந்தை ஏறக்குறைய 250 கிலோமீற்றர் தொலைவிலுள்ளது. இரவிலே புறப்பட்ட லொறி ஆனையிறவு, கிளிநொச்சி, மாங்குளம், வவுனியா, மதவாச்சி ஆகிய இடங்களைக் கடந்து, விடியுமுன் சந்தையை அடைதல் வேண்டும். மாங்குளத்துக்கு அப்பால் ஒயில் வற்றி, எஞ்சின் இறுகி, லொறி காட்டோரத்தில் நின்றுவிட்டால், வாடுவது கோவா மாத்திரமன்று. கடன்பட்டுப் பயிரிட்டவர் முகமும், கடன்பட்டு லொறி வாங்கியவர் முகமும் ஒருங்கே வாடும்.

நம்மிடையே ஓடும் லொறிகளுட் பல வயது முதிர்ந்தவை. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025ஆம் ஆண்டிலேதான் பரவலாகத் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழையதைப் பேணுவதன்றிப் பிறிது வழி இருக்கவில்லை. இதற்கும் முன்னே, 1990ஆம் ஆண்டின் பின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்ட நாள்களில், நம்மவர் மண்ணெண்ணெயிலே கார் ஓட்டினர். சில துளி பெற்றோலைக் காட்டி எஞ்சினை எழுப்பி, எழுந்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடும் அவ்வித்தையை உலகம் வியந்தது. ஆகவே, எதையும் நாமே திருத்திக்கொள்ளலாம் என்னும் துணிவு நமக்கு இயல்பாயிற்று. அது நல்ல துணிவு. ஆயினும், துணிவு வேறு, தெளிவு வேறு.

தெளிவு எங்ஙனம் வரும்? திருக்குறளின் அதிகார அடைவை ஒருமுறை நோக்குக. 47ஆம் அதிகாரம் தெரிந்து செயல்வகை. 48ஆம் அதிகாரம் வலியறிதல். 49 காலமறிதல். 50 இடனறிதல். இவை அரசனுக்குச் சொல்லப்பட்டவை. போர்மேற் செல்வானுக்கு உரியவை. ஆனால் ஸ்பனரைக் கையிலெடுத்துக்கொண்டு லொறியின் அடியிற் புகுகின்றவனுக்கு இவ்வரிசை பொருந்துவதுபோல வேறொன்று பொருந்துமோ, நான் அறியேன். வினையைத் தெரிந்துகொள், வலியை அளந்துகொள், காலத்தைப் பார், இடத்தைப் பார். இந்நான்கும் ஆன பின்பே கை நீளுதல் வேண்டும்.

வினையைத் தெரிதல்

என்னிடத்திலே பண்டித வகுப்பில் ஈராண்டு படித்துப் பின்பு தந்தையாரின் லொறித் தொழிலை மேற்கொண்ட ஒருவர் எமது அயலில் இருக்கிறார். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒருநாள் மாலை அவர் வந்தார். முகத்திலே கவலை.

“ஐயா, எஞ்சினின் பின்பக்கத்து ஒயில் சீல் போய்விட்டதாம். கியர்பொக்ஸை இறக்க வேண்டுமாம். மூன்று நாள் லொறி நிற்குமாம். கராஜிலே சொல்லுகிறார்கள். கேட்கிற கூலியும் பெரிது. நானும் தம்பியும் வளவிலேயே இறக்கிப் பார்ப்போமா என்று யோசிக்கிறோம்.”

“சீல் போனதை அவர்கள் கண்டார்களா?”

“கியர்பொக்ஸ் பொருந்துகிற இடத்தின் அடியிலே ஒயில் சொட்டுகிறது, ஐயா. அதைக் கண்டார்கள்.”

“சொட்டுகிற இடத்தைக் கண்டார்கள். புறப்படுகிற இடத்தை நீராவது கண்டீரா?”

அவர் பேசாதிருந்தார்.

இங்கேதான் பலருடைய பணம் கரைகிறது. ஒயில் கீழ்நோக்கி இறங்கும். லொறி ஓடும்போது காற்று அதனைப் பின்னோக்கித் தள்ளும். ஆதலால் எஞ்சினின் உச்சியில் முன்புறத்தே பிறந்த கசிவு, அடியிலே பின்புறத்தில் வந்து துளியாகும். துளி வீழும் இடம் ஒயில் விடைபெறும் இடமேயன்றிப் பிறந்த இடமன்று. ஈரமான இடங்களுள் மிக உயர்ந்ததும் மிக முன்னுள்ளதும் எதுவோ, அதனையே முதலில் ஐயுறுதல் வேண்டும்.

ஐயத்தைத் தீர்க்கும் வழி எளிது. எஞ்சின் ஆறிய பின்பு, ஒயிலும் தூசும் படிந்து கருகிய புறத்தை டீசல் நனைத்த துணியாலும் தூரிகையாலும் துடைத்து, உலர விடுதல் வேண்டும். உலர்ந்த பின், முகத்துக்கு இடும் பவுடரை ஐயத்துக்குரிய இடங்களில் மெல்லத் தூவுதல் வேண்டும். நிலத்திலே ஒரு வெள்ளை மட்டையை விரித்துவிட்டு எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிட்டால், வெண்மையின் மேலே ஒயில் தன் வழியைத் தானே கோடு கிழித்துக் காட்டும். இதற்கு வேண்டியவை துணியும் பவுடரும் பொறுமையுமே.

எங்கே என்பதோடு எது என்பதையும் தெரிதல் வேண்டும். எஞ்சின் ஒயில் பழகப் பழகக் கறுக்கும். கியர் ஒயில் தடித்தது. கந்தக நாற்றம் உடையது. டீசல் மெலிந்தது, மணமே அதனைக் காட்டிக் கொடுக்கும். றேடியேற்றர் நீர் பெரும்பாலும் பச்சையாகவோ சிவப்பாகவோ இருக்கும். பிரேக் எண்ணெய் தெளிந்தது. பெயின்ரை உரிக்கும் இயல்பினது. சில்லின் உட்பக்கத்தே இது காணப்படின், ஆராய்ச்சியை நிறுத்திவிட்டு லொறியையும் நிறுத்திவிட வேண்டும்.

மாணவர் அன்றிரவே துடைத்தார். மறுநாட் காலை பவுடர் தூவினார். பத்து நிமிடத்தில் உண்மை வெளிப்பட்டது. எஞ்சினின் தலையிலுள்ள வால்வு மூடியின் பின்விளிம்பிலே ஈரம் அரும்பிற்று. அது எஞ்சினின் முதுகு வழியே இறங்கி, கியர்பொக்ஸ் பொருந்தும் இடத்தின் அடியிலே வந்து துளித்தது. பின்பக்கத்துச் சீலைச் சூழ்ந்த இடம் உலர்ந்தே இருந்தது.

அவர் அத்தோடு நிற்கவில்லை. வால்வு மூடி ஏன் கசிய வேண்டும்? எஞ்சினின் உட்புறத்தே திரளும் ஆவி வெளியேறுவதற்கு ஒரு சிறு குழாய் உண்டு. அக்குழாய் கரியும் பிசுக்கும் சேர்ந்து அடைபட்டிருந்தது. மூச்சு விட வழியற்ற எஞ்சின் எந்த மூட்டு இளைத்திருக்கிறதோ அந்த மூட்டு வழியே ஒயிலைத் தள்ளும். குழாயைத் துப்புரவு செய்யாமற் புதிய காஸ்கட்டை மாத்திரம் இட்டிருப்பின், அதுவும் சில வாரங்களிற் கசிந்திருக்கும். குழாய் திறந்திருந்தும் அதன் வழியே ஆவி பெருகி வருமாயின், அது பிஸ்ரன் வளையங்கள் தேய்ந்தமைக்கு அறிகுறி. அந்த நிலையில் வெளியே எந்தக் காஸ்கட்டை மாற்றினும் நோய் தீராது.

வலியும் காலமும் இடமும்

இனி, யார் திருத்துவது? வலியறிதல் அதிகாரத்தின் தொடக்கத்திலே, எடுத்த செயலின் வலிமை, தனது வலிமை, பகையின் வலிமை, துணையாவாரின் வலிமை என்னும் நான்கையும் சீர்தூக்குமாறு வள்ளுவர் பணிக்கின்றார். ஒயிலைப் பகையாகக் கொண்டால் கணக்கு நேராகிறது.

வால்வு மூடி எஞ்சினின் மேலே உள்ளது, நின்றுகொண்டே கழற்றலாம். சில போல்ட்டுகள், ஒரு தக்கைக் காஸ்கட், பழைய காஸ்கட்டைச் சுரண்டுதற்கு ஒரு தட்டைக் கத்தி. தவறினாலோ, மூடி மறுபடியும் கசியும். கசிவது கண்முன்னே, சொந்த வளவிலே. மீண்டும் கழற்றிச் செய்யலாம். இது தானே செய்தற்கு உரிய வினை. மாணவரும் அவர் தம்பியும் ஒரு பிற்பகலில் அதனைச் செய்து முடித்தனர்.

இத்தகைய வேலையிலே கைவல்லார் எச்சரிக்கும் இடங்கள் சில உள. போல்ட்டை இறுக்க இறுக்கக் கசிவு அடங்கும் என்பது பொய். மிகைபட இறுக்கினால் தக்கை பிதுங்கிக் கிழியும். தகட்டு மூடி வளையும். முன்னே ஓரிடத்திற் கசிந்தது பின்னே ஈரிடத்திற் கசியும். நடுவிலிருந்து தொடங்கி, மாறிமாறி, சிறிது சிறிதாக இறுக்குதலே முறை. பசையும் அவ்வாறே. அள்ளி அப்பிய பசை உட்புறத்தே பிதுங்கி, உதிர்ந்து, அடிச் சம்பிலே ஒயிலை உறிஞ்சும் வடியை அடைக்கும். வடி அடைபட்ட எஞ்சின் ஒயில் நிறைந்திருந்தும் ஒயிலின்றிச் சாகும்.

பின்பக்கத்துச் சீல் உண்மையிலே பழுதாகியிருப்பின் என்ன செய்திருக்க வேண்டும்? அந்தச் சீலின் விலை சிறிது. அதனைச் சென்றடையும் வழியே நீண்டது. கியர்பொக்ஸை இறக்குதல் வேண்டும். கிளச்சைக் கழற்றுதல் வேண்டும். லொறியின் கியர்பொக்ஸ் இருவர் கையாலே தாங்கத்தக்க பாரமன்று. கீழே படுத்திருப்பவன் மேல் அது சரிந்தால், மீண்டும் கழற்றிச் செய்வோம் என்று சொல்லுதற்கு ஆள் இரான். ஜக்கை மாத்திரம் நம்பி லொறியின் அடியிற் புகுதல் எக்காலத்தும் ஆகாது. நிலம் திண்ணியதாக, சில்லுகளுக்குக் கட்டை கொடுத்து, பாரத்தை உறுதியான தாங்கிகள் மேல் இறக்கிய பின்னரே ஒருவர் உள்ளே செல்லலாம். மாரியில் நனைந்த செம்மண் வளவு அதற்கு இடமன்று. இதுவே இடனறிதல்.

காலமறிதலும் இத்தகையதே. மறுநாள் இரவு பாரம் ஏற்ற வேண்டிய லொறியை இன்று மாலை பிரித்தல் ஆகாது. பிரித்த பின்பே உடைந்த போல்ட் தெரியவரும்; கடை பூட்டிய பின்பே அதற்கு மாற்றுத் தேவைப்படும். கசிவு கசிவாகவே நிற்குமானால் விளைச்சல் ஏற்றி முடியும்வரை பொறுக்கலாம். ஆனால் பொறுத்தல் என்பது பாராதிருத்தலன்று. மட்டமான நிலத்திலே நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஒயில் கீழிறங்கச் சில நிமிடம் விட்டு, கோலைப் பார்த்து, இன்ன நாள் இத்தனை கிலோமீற்றரில் இவ்வளவு குறைந்தது என்று ஒரு கொப்பியில் எழுதுதல் வேண்டும். குறைவு பயணத்துக்குப் பயணம் ஏறினால் தவணை முடிந்தது. சூடேறிய புகைக்குழாயின் மேல் ஒயில் வீழுமாயின் தவணையே கிடையாது, அது தீப்பற்றும்.

சிறிதாகத் தோன்றிய பெரிது

அதே மாணவரின் லொறியில் அடுத்த ஆண்டு வேறொரு கசிவு தோன்றிற்று. பின்சில்லு ஒன்றின் உட்புறத்திலே ஒரு கோடு, தடித்த ஒயில், கந்தக நாற்றம். நிலத்திலே ஒரு துளியும் இல்லை. இம்முறை அவர் என்னை வினவ வரவில்லை. செய்ததைச் சொல்லவே வந்தார்.

“ஐயா, இந்த முறை மெக்கானிக்கரிடம் விட்டுவிட்டேன்.”

“போன முறை பெரிதென்று சொன்னதை நீரே செய்தீர். இந்தச் சிறியதை ஏன் விட்டீர்?”

“போன முறை பிழைத்தால் என்னுடைய ஒயில் போகும். இந்த முறை பிழைத்தால் வீதியிலே பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு ஆபத்து, ஐயா.”

பண்டித வகுப்பிலே அவர் எனக்கு எழுதிய எந்த விடையும் இதற்கு இணையாகாது. அச்சுப்பெட்டியிலிருந்து வரும் ஒயில் சில்லின் சீலைக் கடந்தால், அது சென்று சேருமிடம் பிரேக் டிரம். ஒயில் குடித்த பிரேக் லைனிங் பிடிக்காது. ஒருபக்கம் பிடித்து மறுபக்கம் வழுக்கினால் பாரமேற்றிய லொறி வீதியின் குறுக்கே இழுபடும். சீலை மாற்றினால் மாத்திரம் போதாது. ஒயில் ஊறிய லைனிங்கையும் மாற்றுதல் வேண்டும். டிரம்மைத் துப்புரவு செய்தல் வேண்டும். பெயாரிங்கின் இறுக்கத்தைச் சரிவர அமைத்தல் வேண்டும். அந்த இறுக்கம் கூடினால் பெயாரிங் சூடேறி எரியும். குறைந்தாற் சில்லு ஆடும். அந்த அளவு பழகிய கைக்கே தெரியும். இங்கே பெறுகின்ற கூலி அந்தக் கைப்பழக்கத்துக்கு உரிய விலை. அதனை மிகையென்று சொல்லுதல் முறையன்று.

முதலாவது கசிவு பெரிதாகத் தோன்றிச் சிறிதாயிற்று. இரண்டாவது சிறிதாகத் தோன்றிப் பெரிதாயிற்று. செய்தவர் ஒருவரே, அவருடைய கைத்திறனும் ஒன்றே. முடிவு மாத்திரம் வேறுபட்டது. ஆகவே, என்னால் இதைச் செய்ய முடியுமா என்னும் வினா முதல் வினாவன்று. இது பிழைத்தால் எங்கே பிழைக்கும், அதன் நட்டம் யாரைச் சாரும் என்பதே முதல் வினா. பிழை என் வளவிலே, என் கண்முன்னே, என் பணத்தோடு நிற்குமாயின் நானே கைவைக்கலாம். கைவைத்துக் கற்கவும் வேண்டும். பிழை வீதியிலே, இருளிலே, பிறர் உயிர்மேற் சென்று முடியுமாயின், வல்லாரிடம் ஒப்படைத்தலே அறம். சிக்கனம் நல்லது, பிறர் உயிரை வைத்துச் செய்யும் சிக்கனத்துக்குத் தமிழில் வேறு பெயர் உண்டு.

இன்னுமொன்று. தானே திருத்துகின்றவர் தாமே எடுத்த பழைய ஒயிலுக்கும் பொறுப்பாளி. பெரிய லொறியின் எஞ்சினிலிருந்து ஒருமுறை வடிப்பது பத்து லீற்றருக்குக் குறையாது. குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணக்கல். அதன் வெடிப்புகளில் நிற்கும் நீரையே நாம் கிணறு தோண்டிக் குடிக்கிறோம். வேலியோரத்தில் ஊற்றிய ஒயில் மறைந்துவிட்டதென்று எண்ணுதல் பேதைமை. சுன்னாகம் பகுதியிலே கிணற்று நீரில் எண்ணெய் கலந்தமை பற்றிய வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்று 2019ஆம் ஆண்டிலே தீர்ப்புப் பெற்றதை நாம் மறக்கலாகாது. பழைய ஒயிலை மூடியுள்ள கானில் நிரப்பி, அதனை வாங்கும் இடத்திலே கொடுத்தல் வேண்டும். கொடுக்க வழியில்லையெனின் வடிக்கும் வேலையையும் கராஜுக்கே விடுதல் நன்று.

கராஜுக்கு விடுவதும் சும்மா விடுவதன்று. “லொறி ஒயில் விடுகிறது, பாருங்கள்” என்று சாவியை நீட்டுகின்றவர், தமது பணப்பையையும் கூடவே நீட்டுகின்றார். “துடைத்துப் பார்த்தேன், இன்ன இடத்தில் ஈரம் பிறக்கிறது, நூறு கிலோமீற்றருக்கு இவ்வளவு குறைகிறது, ஆவிக்குழாய் அடைபடவில்லை” என்று சொல்லுகின்றவரிடம் நல்ல மெக்கானிக்கர் மகிழ்ந்து பேசுவார், மற்றவர் எண்ணிப் பேசுவார். காரணம் யாதெனில், திருத்துதலைப் பிறரிடம் விடலாம். காணுதலைப் பிறரிடம் விடலாகாது. வைத்தியரை நாடிச் செல்லலாம். எங்கே நோகிறதென்று நாமே சொல்ல வேண்டும்.

லொறி உடையவர்களுக்கு என்னுடைய வேண்டுகோள் சிறிது. விடியற்காலையில் லொறியை எடுக்குமுன் ஒருதரம் குனிந்து நிலத்தைப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் விரலால் தொட்டு, மணந்து, இன்னதென்று அறிந்துகொள்ளுங்கள். பின்பு துணியும் பவுடரும் எடுத்து அது பிறந்த இடத்தைத் தேடுங்கள். ஸ்பனரை எடுப்பதா, மெக்கானிக்கரை அழைப்பதா என்பதை அதன்பின் எண்ணுங்கள். அவ்வளவுக்கும் அரைநாள் செல்லும். மாங்குளத்துக் காட்டோரத்திலே ஓர் இரவு நிற்பதை நோக்க, அந்த அரைநாள் மிகச் சிறிது.